கேட்காமல் விட்ட கேள்வி

கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புற்றுநோய் எல்லாம் இல்லை. ஃபைப்ராய்டு கட்டி. மாதாமாதம் பத்து நாள் ரத்தப்போக்கு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாகிவிட்டது. சரி, ஆபரேஷன்தான் என்று முடிவான பிறகு அந்த அம்மா டாக்டரிடம் கேட்பதற்கு ஒரு பட்டியலோடு வருகிறார். எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருக்கணும்? எப்போ வேலைக்குப் போகலாம்? தண்ணீர்க் குடம் தூக்கலாமா? உடம்பு குண்டாயிடுமாமே, நிஜமா?

எல்லாம் கேட்டு முடித்து, எழுந்து, கதவு வரைக்கும் போய், ஒரு விநாடி நிற்கிறார். 'இன்னும் ஏதாவது கேக்கணுமாம்மா?' என்கிறார் டாக்டர். 'ஒண்ணுமில்லை டாக்டர்.' போய்விடுகிறார்.

அந்த 'ஒண்ணுமில்லை'க்குள் ஒரு கேள்வி இருக்கிறது. இதற்கப்புறம் நானும் அவரும் பழையபடி இருக்க முடியுமா? எனக்கு ஆசை என்று ஒன்று மிச்சம் இருக்குமா?

நம்ம ஊர்க் கூச்சம், அதனால் கேட்கவில்லை என்று நினைக்கத் தோன்றும். கூச்சம் உண்டுதான். ஆனால், கூச்சமே படாத மேலைநாட்டு மருத்துவ உலகமும் இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டுப் பதில் வாங்கியது நேற்று மாதிரிதான். அதற்கு முன்னால் நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக அறுத்தார்கள், தைத்தார்கள், எடை போட்டார்கள், எழுதிவைத்தார்கள். கேட்கவில்லை. அது ஒரு பெரிய கதை.

1809, டிசம்பர். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம். ஜேன் டாட் கிராஃபோர்ட் என்கிற பெண்மணிக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. வயிறு பெரிதாகிக்கொண்டே போகிறது. உள்ளூர் டாக்டர்கள் பார்த்துவிட்டு, கர்ப்பம் என்றார்கள். பத்து மாதம் தாண்டியும் குழந்தை பிறக்கிற வழியாக இல்லை. அறுபது மைல் தள்ளி டான்வில் என்ற ஊரில் இருந்த எஃப்ரைம் மெக்டவலை வரச்சொன்னார்கள். அவர் வந்து பார்த்துவிட்டு, இது குழந்தை இல்லை, சினைப்பையில் கட்டி என்றார். வயிற்றைத் திறந்து எடுக்கலாம், ஆனால் இதுவரை யாரும் வெற்றிகரமாகச் செய்ததாகத் தனக்குத் தெரியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். சம்மதம் என்றால் என் ஊருக்கு வாருங்கள்.

ஜேன் வந்தார். குதிரையில். குளிர்காலத்தில் அறுபது மைல். மயக்க மருந்து என்ற ஒன்றே கண்டுபிடிக்கப்படாத காலம். பைபிள் சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டே படுத்திருந்தார் என்பார்கள். இருபத்தைந்து நிமிடம். வெளியே வந்த கட்டி 22 பவுண்டுக்கு மேல். அதாவது பத்துக் கிலோ. ஐந்தாம் நாள் மெக்டவல் போய்ப் பார்த்தால், அந்த அம்மா எழுந்து தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருக்கிறார். இருபத்தைந்தாம் நாள் ஊருக்குக் கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். ஆபரேஷன் செய்த டாக்டரே 1830-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். பேஷன்ட் 1842 வரை இருந்தார்.

வயிற்றைத் திறந்தாலும் ஆள் பிழைக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டிய ஆபரேஷன் அது. கர்ப்பப்பை விஷயம் இத்தனை சுலபமாக இருக்கவில்லை. 1843-ல் மான்செஸ்டரில் சார்லஸ் க்ளே, வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தார். அந்தப் பெண் பிழைக்கவில்லை. பத்து வருடம் கழித்து, 1853-ல், அமெரிக்காவின் லோவெல் நகரத்தில் வால்டர் பர்ன்ஹாம் சினைப்பைக் கட்டி என்று நினைத்துத் திறந்தார். இருந்ததோ கர்ப்பப்பைக் கட்டி. எடுத்தார். பிழைத்தாள். அதன்பிறகும் பல வருடங்களுக்கு, இந்த ஆபரேஷனுக்குப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள்தான் குறைவு.

ஆகவே, அந்தக் காலத்து டாக்டர்களைக் குறை சொல்ல முடியாது. உயிர் தங்குமா என்பதே கேள்வியாக இருக்கும்போது, தாம்பத்தியம் எப்படி என்று யார் கேட்பார்கள்?

ஆனால், அடுத்து நடந்ததற்கு அந்தச் சமாதானம் செல்லாது.

1872. ஜார்ஜியா மாநிலத்தில் ரோம் என்று ஒரு ஊர். இத்தாலி ரோம் இல்லை, அமெரிக்க ரோம். அங்கே ராபர்ட் பாட்டி என்ற டாக்டர், மாதவிடாய்க் கோளாறும் வலிப்பும் இருந்த ஓர் இளம்பெண்ணுக்கு இரண்டு சினைப்பைகளையும் எடுத்தார். கட்டி இல்லை. நோய் இல்லை. மாதவிடாயை ஒரேயடியாக நிறுத்திவிட்டால் தொந்தரவும் நின்றுவிடும் என்று ஒரு கணக்கு. அவள் செத்தால் டாக்டரைத் தொங்கவிடுவது என்று வெளியே ஒரு கூட்டம் காத்திருந்ததாகக் கதை உண்டு. அவள் பிழைத்துவிட்டாள்.

பிழைத்ததுதான் வினையாகப் போயிற்று. 'பாட்டி ஆபரேஷன்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதே வருடம் ஜெர்மனியில் ஹேகரும் இங்கிலாந்தில் லாசன் டெய்ட்டும் இதே வேலையைச் செய்திருந்தார்கள். கொஞ்ச நாளில் அட்லாண்டிக்கின் இரண்டு பக்கமும் இது ஃபேஷன். யாருக்கெல்லாம் செய்தார்கள் தெரியுமா? வயிற்றுவலிக்காரிகளுக்கு. வலிப்பு வந்தவர்களுக்கு. ஹிஸ்டீரியா என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கு. காம இச்சை 'அதிகம்' என்று வீட்டார் கொண்டுவந்து விட்டவர்களுக்கு. ஹிஸ்டீரியா என்ற சொல்லே கர்ப்பப்பைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். மனசில் எது கெட்டாலும் பழி கர்ப்பப்பைக்கும் அதன் அக்கம்பக்கத்துக்கும்.

லண்டனில் ஐசக் பேக்கர் ப்ரவுன் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார். சாதாரண ஆள் இல்லை, புகழ்பெற்ற சர்ஜன். பெண்களின் வலிப்புக்கும் மனநோய்க்கும் சுய இன்பப் பழக்கமே காரணம் என்று முடிவுகட்டி, பெண்குறியில் இன்பத்துக்கென்றே இருக்கிற க்ளிடோரிஸை வெட்டி எடுத்தார். 1866-ல் பெருமையாகப் புத்தகமே போட்டார். 1867-ல் லண்டன் மகப்பேறு மருத்துவர் சங்கம் கூட்டம் போட்டு, வாக்கெடுத்து, அவரை வெளியேற்றியது. அப்பாடா, நியாயம் கிடைத்தது என்று நினைக்கிறீர்களா? பொறுங்கள். அந்தக் கூட்டத்தில் பெரிதாகப் பேசப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று, கணவர்களுக்குச் சரியாகச் சொல்லாமல் செய்தார் என்பது. அந்தப் பெண்ணுக்கு என்ன போயிற்று என்பது அவ்வளவு பெரிய விவாதமாகவில்லை.

கவனியுங்கள். பெண்ணுக்கு இச்சை உண்டு என்பது இவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் அறுத்தார்கள். அதை ஒரு வியாதியாகப் பதிவு செய்தார்களே தவிர, அவளுக்குச் சொந்தமான ஒரு நல்ல விஷயமாக எந்த நோட்டிலும் எழுதவில்லை.

நான் காமர்ஸ் படித்தவன். மருத்துவம் தெரியாது. ஆனால், கணக்குப் புத்தகம் தெரியும். ஒரு லெட்ஜரில் என்னென்ன பத்தி போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாலே, முதலாளிக்கு எதில் அக்கறை என்று சொல்லிவிடலாம். இந்த ஆபரேஷன்களின் லெட்ஜரில் எத்தனை பேர் பிழைத்தார்கள், கட்டி எத்தனை பவுண்டு, எத்தனை நாளில் வீடு திரும்பினார்கள் என்று பத்தி பத்தியாக இருந்தது. ஒரு பத்தி மட்டும் கடைசிவரை இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் ஆபரேஷன் ஆபத்தில்லாததாக மாறியது. ரத்தம் ஏற்றும் வசதி, ஆன்டிபயாடிக், நல்ல மயக்க மருந்து. முன்பெல்லாம் கர்ப்பப்பையின் மேல்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, வாய்ப்பகுதியை அப்படியே விட்டுவிடுவார்கள். அதுதான் ஆபத்துக் குறைவு. 1929-ல் ரிச்சர்ட்சன் என்ற அமெரிக்க சர்ஜன் முழுசாக எடுக்க ஒரு முறையை எழுதினார். விட்டுவைத்த வாயில் பின்னால் புற்றுநோய் வரலாமே, எதற்கு வம்பு? அடுத்த இருபது முப்பது வருடங்களில் எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

பயம் போனதும் தாராளம் வந்தது. 1969-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு டாக்டர் எழுதினார். கடைசிப் பிள்ளையும் பிறந்தபின் கர்ப்பப்பையால் உபயோகமில்லை, ரத்தப்போக்கும் தொந்தரவும்தான் மிச்சம், போதாததற்குப் புற்றுநோயும் வரலாம், ஆகவே எடுத்துவிடலாம் என்று அர்த்தம் வரும்படி. குழந்தை பெற்றாயிற்று, இனி எதற்கு? பழைய ஸ்கூட்டரை எடைக்குப் போடுகிற மாதிரி. 1975-ல் மட்டும் அமெரிக்காவில் சுமார் 7,25,000 கர்ப்பப்பைகள் எடுக்கப்பட்டன. அடுத்த வருடம் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று, நாட்டில் தேவையில்லாத ஆபரேஷன்கள் லட்சக்கணக்கில் நடக்கின்றன என்று அறிக்கை கொடுத்தது.

இதற்குள் வெளியே உலகம் மாறியிருந்தது. 1953-ல் கின்ஸி, சுமார் ஆறாயிரம் பெண்களிடம் பேசிப் புத்தகம் போட்டுவிட்டார். 1966-ல் மாஸ்டர்ஸும் ஜான்சனும் பரிசோதனைக் கூடத்திலேயே அளந்து பார்த்து, உச்சக்கட்டத்தின்போது கர்ப்பப்பையும் சுருங்கி விரிகிறது என்று எழுதினார்கள். அடடே! அப்படியானால் அதை எடுத்துவிட்டால்?

நியாயமான கேள்வி. பயமும் சேர்ந்துகொண்டது. 1974-ல் லான்செட் இதழில் ரிச்சர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர், கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்குச் சோர்வும் மனத்தளர்ச்சியும் வருவதாகச் சொல்லி அதற்கொரு பெயரும் வைத்தார். 1983-ல் ஃபின்லாந்தின் கில்க்கு, முழுசாக எடுத்தவர்களைவிட வாய்ப்பகுதி மிச்சமிருக்கிறவர்களுக்கு உச்சக்கட்டம் அவ்வளவாகக் குறையவில்லை என்று எழுதினார். அமெரிக்காவில், தானே இந்த ஆபரேஷனுக்கு உள்ளான நோரா காஃபி 1982-ல் ஓர் அமைப்பே தொடங்கினார். எனக்கு எதை எடுக்கப்போகிறார்கள், எடுத்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை என்பது அங்கே வந்த பெண்களின் புகார்.

ஆக, ஒரு பக்கம் டாக்டர்கள். ஒன்றும் ஆகாதும்மா, எல்லாம் மனசுதான். இன்னொரு பக்கம் பெண்கள். ஆகிறது, எனக்கு ஆகியிருக்கிறது.

யார் சொல்வது சரி? சொல்ல முடியவில்லை. ஏன் தெரியுமா? எல்லோரும் ஆபரேஷனுக்கு *அப்புறம்* கேட்டார்கள். அதற்கு *முன்னால்* எப்படி இருந்தது என்று கேட்டுவைத்திருக்கவில்லை. ஓபனிங் பேலன்ஸ் தெரியாமல் லாபமா நஷ்டமா என்று எப்படிச் சொல்வது?

அந்த வேலையைச் செய்தது மேரிலாந்து மாநில ஆராய்ச்சி. 1992, 93-ல் அங்கே 28 ஆஸ்பத்திரிகளில், புற்றுநோய் அல்லாத காரணங்களுக்காகக் கர்ப்பப்பையை எடுக்க வந்த பெண்களை ஆபரேஷனுக்கு முன்பே உட்காரவைத்துப் பேசினார்கள். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு வருடம் வரை. 1999-ல் முடிவு வெளியானது. கணக்கில் வந்தவர்கள் 1,101 பேர்.

உறவின்போது வலி இருந்தவர்கள், ஆபரேஷனுக்கு முன் 18.6 சதவீதம். இரண்டு வருடம் கழித்து 3.6. உச்சக்கட்டமே இல்லை என்றவர்கள் 7.6-லிருந்து 4.9. ஆசை குறைவு என்றவர்கள் 10.4-லிருந்து 6.2. உறவு வைத்துக்கொள்கிறவர்கள் 70.5-லிருந்து 76.7 ஆக ஏறியிருந்தார்கள்.

கெட்டுப்போகவில்லை. பெரும்பாலானவர்களுக்கு அப்படியேயோ மேலாகவோதான் இருந்தது.

யோசித்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மாதத்தில் பாதி நாள் ரத்தம். மீதி நாள் வலி. எப்போது கறைபடுமோ என்கிற பயம். இத்தனையோடு ஒரு பெண்ணுக்கு ஆசை எங்கிருந்து வரும்? தொந்தரவு போனதும் ஆசை திரும்பி வந்திருக்கிறது. அதோடு கர்ப்பம் தரிக்கிற பயமும் இனி இல்லை.

ஆனால், 'எல்லோருக்கும்' இல்லை. இதையும் அதே ஆராய்ச்சிதான் சொன்னது. ஆபரேஷனுக்கு முன்பே மனத்தளர்ச்சியில் இருந்தவர்களுக்குப் பின்னாலும் சிக்கல் அதிகம். கர்ப்பப்பையின் அந்தச் சுருக்கத்தை உணர்ந்து பழகிய ஒரு பெண், அது இல்லாமல் போனால் வித்தியாசம் தெரிகிறது என்று சொன்னால், அதை மனப்பிரமை என்று ஒதுக்க முடியாது. அவள் உடம்பு, அவளுக்குத் தெரியும்.

சரி, வாய்ப்பகுதியை விட்டுவைத்தால் நல்லது என்று ஃபின்லாந்தில் சொன்னார்களே? அங்கே யாருக்கு எந்த ஆபரேஷன் என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கவில்லை. லண்டனில் அதைச் செய்தார்கள். 279 பெண்கள். பாதிப் பேருக்கு முழுசாக எடுப்பது, பாதிப் பேருக்கு வாயை விட்டு எடுப்பது. யாருக்கு எது என்று அந்தப் பெண்களுக்கும் சொல்லவில்லை, பின்னால் விசாரித்தவர்களுக்கும் சொல்லவில்லை. 2002-ல் முடிவு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், தாம்பத்திய விஷயத்தில் இரண்டு அணிக்கும் வித்தியாசமே இல்லை. வாயை விட்டுவைத்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மாதாமாதம் லேசான ரத்தப்போக்கு தொடர்ந்ததுதான் மிச்சம். அடுத்த வருடம் நெதர்லாந்தில் 413 பெண்களைப் பார்த்தார்கள். வயிற்றைத் திறந்து எடுத்தாலும், பிறப்புறுப்பு வழியாக எடுத்தாலும், சுகம் பொதுவாகக் கூடியே இருந்தது.

அப்படியானால், கஷ்டப்பட்ட பெண்கள் எல்லாம் பொய் சொன்னார்களா? இல்லை. இங்கேதான் பாட்டி மறுபடி வருகிறார்.

கர்ப்பப்பையை எடுப்பது வேறு, சினைப்பைகளை எடுப்பது வேறு. 'கையோடு அதையும் எடுத்துடலாம், பின்னாடி கேன்சர் வராது' என்று இரண்டையும் சேர்த்து எடுப்பது பல காலம் வழக்கமாக இருந்தது. கர்ப்பப்பை பிள்ளையைச் சுமக்கிற வீடு. சினைப்பை ஹார்மோன் தொழிற்சாலை. ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோனை முதன்முதலில் பிரித்தெடுத்ததே 1929-ல்தான். பாட்டி தான் எடுத்துப்போட்டது என்ன என்று தெரியாமலே 1895-ல் இறந்துபோனார். மெனோபாஸுக்கு முன் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால், இயற்கை சில வருடங்களில் மெல்லச் செய்கிற காரியம் ஒரே மதியத்தில் நடந்துவிடுகிறது. உடம்பெல்லாம் கொதிப்பு, தூக்கமின்மை, பிறப்புறுப்பில் வறட்சி, அதனால் வலி. ஆசையோடு தொடர்புள்ள டெஸ்டோஸ்டிரோனும் ஏறக்குறையப் பாதியாகிறது. பெண்ணுக்கு ஏதுங்க அது என்று கேட்காதீர்கள், உண்டு.

2000-ல் ஓர் அமெரிக்க ஆராய்ச்சி வெளிவந்தது. கர்ப்பப்பையும் சினைப்பைகளும் எடுக்கப்பட்ட 75 பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் பட்டை ஒட்டினார்கள். கொஞ்ச காலம் நிஜப் பட்டை, கொஞ்ச காலம் மருந்தே இல்லாத டம்மி. அதிக அளவு மருந்தில் பலன் தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், டம்மி பட்டையிலும் கணிசமான முன்னேற்றம். ஏன் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்லலாம். ஒருவர் எதிரே உட்கார்ந்து, உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று அக்கறையாகக் கேட்டதும் மருந்தில் பாதி என்பது என் கட்சி. ஐரோப்பாவில் 2006-ல் இந்தப் பட்டைக்கு அனுமதி கிடைத்து, 2012-ல் கடையைக் கட்டினார்கள். அமெரிக்காவில் 2004-ல், நீண்டகாலப் பாதுகாப்பு தெரியவில்லை என்று நிபுணர் குழு மறுத்துவிட்டது. சினைப்பை விஷயத்திலும் மனம் மாறியது. 2009-ல் 29,000-க்கும் அதிகமான அமெரிக்க நர்ஸ்களின் பல வருடக் கணக்கைப் பார்த்தபோது, சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தவர்களிடம் மார்பகம், சினைப்பைப் புற்றுநோய்கள் குறைவு. ஆனால், இதயநோயும் மொத்த மரணமும் அதிகம். கையோடு எடுப்பது இலவச இணைப்பு இல்லை என்று புரிந்தது.

ஆபரேஷன்தான் ஒரே வழி என்ற நிலையும் இன்று இல்லை. ரத்தப்போக்கைக் குறைக்க ஹார்மோன் வைத்த காப்பர்-டி மாதிரிச் சாதனம் 1990-ல் ஃபின்லாந்தில் வந்தது. ஃபைப்ராய்டுக்குப் போகிற ரத்தக்குழாயை அடைத்துக் கட்டியைச் சுருங்கவைக்கும் முறையை 1995-ல் பாரிஸ் டாக்டர்கள் எழுதினார்கள். கட்டியை மட்டும் எடுப்பதும் உண்டு. எல்லாம் எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால், இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு.

நம் நாட்டிலும் தேசியக் குடும்பநல ஆய்வில் இப்போது கர்ப்பப்பை எடுத்தவர்களைக் கணக்கெடுக்கிறார்கள். 2015-16-ல், 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல். எந்த வயதில் எடுத்தீர்கள், அரசு ஆஸ்பத்திரியா, தனியாரா, என்ன காரணம் என்றெல்லாம் கேட்கிறார்கள். அந்த ஒரு பத்தி இங்கேயும் இன்னும் இல்லை.

அதனால், கதவு வரைக்கும் போன அந்த அம்மா திரும்பி வந்து உட்கார வேண்டும். கேட்க வேண்டியது நாலே நாலுதான். எனக்கு எதையெல்லாம் எடுக்கப்போகிறீர்கள்? சினைப்பையை விட்டுவைக்க முடியுமா? ஆபரேஷன் இல்லாமல் வேறு வழி உண்டா? அப்புறம், எப்போது பழையபடி இருக்கலாம், வலியோ வறட்சியோ வந்தால் என்ன செய்வது? டாக்டர் முறைத்தால் வேறு டாக்டரைப் பார்க்கலாம். வீட்டுக்காரரும் கூட உட்கார்ந்து கேட்டால் இன்னும் நல்லது. அவருக்கும் மனசுக்குள் ஒரு பயம் இருக்கும். அவரும் 'ஒண்ணுமில்லை' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

மெக்டவல் 1817-ல் தன் ஆபரேஷன்களைப் பற்றிக் கட்டுரை எழுதினார். கட்டியின் எடை இருக்கிறது. எத்தனை நிமிடம் என்று இருக்கிறது. ஐந்தாம் நாள் படுக்கையைச் சரிசெய்ததும் இருக்கிறது. அறுபது மைல் குதிரையில் வந்து, மயக்க மருந்தில்லாமல் படுத்து எழுந்து, ஊர் திரும்பிய ஜேன், அதன்பிறகு தன் வீட்டில், தன் கணவரோடு எப்படி இருந்தார்?

அதைப் பற்றி ஒரு வரி இல்லை.